ரொக்கப் பேரமா, ஒப்பந்தமா?

அமெரிக்காவில் தீவனம் போட்டுக் கொழுக்கவைத்த மாட்டை எப்படி விற்றாலும், வாங்குவது பெரும்பாலும் டைசன், ஜேபிஎஸ், கார்கில், நேஷனல் பீஃப் என்ற நான்கு இறைச்சி நிறுவனங்கள்தான். சுமார் 85 சதவீதம் அவர்கள் கையில்.

ரொக்கப் பேரத்தில், அதாவது அவ்வப்போது விலை பேசி விற்பதில், விலை கட்டுப்படாவிட்டால் மறுக்கலாம். ஆனால் எடை கூடிய மாட்டை எத்தனை நாள் வைத்துத் தீனி போடுவது? 2019 ஆகஸ்டில் கான்சஸ் மாநிலத்தின் ஹால்கமில் டைசனின் மாட்டிறைச்சி ஆலை தீப்பிடித்தபோது மாட்டு விலை சரிந்தது, இறைச்சி விலையோ ஏறியது. அநியாயம்.

முன்கூட்டியே போடும் ஒப்பந்தத்தில் மாட்டுக்கு ஆலையில் இடம் உறுதி. விலை? பெரும்பாலும் அதே ரொக்கச் சந்தையை வைத்துத்தான். எல்லோரும் ஒப்பந்தத்துக்குப் போகப் போக, அந்த விலையைத் தீர்மானிக்கும் பேரமே மெலிகிறது.

சிறு குடும்பப் பண்ணைக்கு ரொக்கமே மேல் என்பேன், போட்டிக்கு இரண்டு பேராவது வந்தால். நெப்ராஸ்காவில் அது இன்னும் நடக்கிறது, டெக்சஸில் அரிது.