தோட்டப்பாளையம் வாடகைப் புத்தகக் கடையும் தாமத அடியும்

வேலூர் தோட்டப்பாளையத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிற இந்தக் கடைக்குக் குங்ஃபூ கதைகளுக்காகவே போகலாம். எனக்கு உயிர் அந்தத் தாமத அடிதான்: கிழவர் இரண்டு விரலால் மார்பை லேசாகத் தொடுவார், எதிரி சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்காருவான், பிசைந்த சோறு வாய்க்குப் போவதற்குள் சரிவான். சீனத்தில் இது டிம் மாக். நம் வர்மக் கலையிலும் உடம்பில் அடிபடக் கூடாத இடங்களைப் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று கணக்குச் சொல்லி, இன்ன இடத்தில் பட்டால் இத்தனை நாளில் உயிர் போகும் என்பார்கள். 1973-இல் புரூஸ் லீ 32 வயதில் இறந்தபோதுகூட இந்த வதந்தி கிளம்பியது, பரிசோதனையில் தெரிந்ததோ மூளை வீக்கம். ஆனால் தலையில் அடிபட்டவர் எழுந்து நன்றாகப் பேசிவிட்டு, சில மணி நேரம் கழித்து மண்டைக்குள் ரத்தம் கட்டி விழுவது நிஜமாகவே உண்டு, அதனால்தான் இந்தக் கதைகள் என்னை இப்படிப் பிடித்து வைக்கின்றன.

ஒரே குறை, போன வாரம் எடுத்த புத்தகத்தில் கடைசி எட்டுப் பக்கம் இல்லை. அடி விழுந்துவிட்டது, ஆள் செத்தானா தெரியவில்லை! கடைக்காரர் "அய்யோ, கவனிக்கலண்ணா" என்று வாடகை பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். சரி, நீங்கள் எடுக்கும்போது கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள்.