புத்திசாலிப் பிள்ளைக்கு கோர்ஸ் தேடுகிறீர்களா? பேன் கார்டைக் கையில் எடுக்கும் முன் படியுங்கள்

ஒரு குடும்பம் வாங்கியது இது. பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிக்கும் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு, கணிதம், பைதான், இயற்பியல் மூன்றும் சேர்ந்த ஓராண்டு 'அட்வான்ஸ்டு டிராக்'. வாரம் இரண்டு நேரலை வகுப்பு, தனி மென்டர், கடைசியில் 'அமெரிக்க கிரெடிட்' சான்றிதழ். விலை 1,20,000 ரூபாய், மாதம் 10,000 வீதம் பன்னிரண்டு தவணை.

வந்து சேர்ந்தது பழைய வீடியோக்கள், நான்கு விடைகளில் ஒன்றைத் தட்டும் வினாடி வினாக்கள், ஒரு வாட்ஸப் குழு. வினாடி வினாவை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப எழுதலாம். அதனால் மூன்றே வாரத்தில் அந்தப் பெண் முதல் பகுதியை 98 மதிப்பெண்ணோடு முடித்தாள். நான்காவது வாரத்தில் லாகின் செய்வதை நிறுத்திவிட்டாள். தவணை மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. இதே சரக்கு அடுத்த சீசனில் வேறு பெயரில் வரும். விற்கிற முறையைத் தெரிந்துவைத்துக்கொண்டால் எந்தப் பெயரில் வந்தாலும் பிடிபடும்.

ஆரம்பம் எப்போதும் ஒரு 'திறனறித் தேர்வு'. இருபது கேள்வி, இருபது நிமிடம். முடிந்த பத்து நிமிடத்தில் 'கவுன்சிலர்' கூப்பிடுவார்: "சார், உங்க பொண்ணு டாப் மூணு பெர்சென்ட்ல இருக்கா. இவளுக்குச் சாதாரண பேட்ச் சரிப்படாது." பெற்றோருக்குத் தெரியாத விஷயம் இல்லை, பெண் கெட்டிக்காரிதான். ஆனால் அந்தத் தேர்வு அதைக் கண்டுபிடிக்கவில்லை. சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு: வேறொரு கைபேசி எண்ணில் பதிவு செய்து, கேள்வியைப் படிக்காமலே எல்லாவற்றுக்கும் இரண்டாவது விடையைத் தட்டுங்கள். அதற்கும் 'டாப் மூணு' வந்தால் அங்கேயே பேச்சை முடித்துவிடலாம்.

அடுத்தது டெமோ வகுப்பு. டெமோ எடுப்பவர் நிறுவனத்தின் மிகச் சிறந்த ஆசிரியராக இருப்பார். பேட்ச் எடுக்கப்போகிறவர் அவர் அல்ல. டெமோவுக்குப் பதிலாக, ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் பேட்ச்சில் பத்தாவது, பன்னிரண்டாவது வகுப்பு ஏதாவது ஒன்றில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். கூடவே, வேறொரு மாணவரின் திருத்திய விடைத்தாளைப் பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். 'இந்த வரியில் n பூச்சியமாக இருந்தால் என்ன ஆகும்?' என்கிற மாதிரி ஒரு குறிப்பு ஓரத்தில் இருக்க வேண்டும். வெறும் டிக் குறியும் மொத்த மதிப்பெண்ணும் இருந்தால் திருத்தியது மென்பொருள். விடைத்தாளே இல்லை என்றால் திருத்த யாருமே இல்லை.

விடைத்தாள் பற்றிய இந்த ஒரு கேள்வியை நாங்கள் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. வீட்டில் படிக்கும் கெட்டிக்காரப் பிள்ளைக்குப் பாடத்துக்குப் பஞ்சம் இல்லை. இணையத்தில் இலவசமாகவே மலைபோல் கிடக்கிறது. இல்லாதவை இரண்டுதான்: அம்மா அப்பா வைக்காத, தள்ளிப்போட முடியாத கெடு, எழுதியதை உட்கார்ந்து படித்துத் தப்பு சொல்லும் வெளியாள். பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு இவை கேட்காமலே கிடைத்துவிடும். காசு கொடுப்பதானால் இவற்றுக்குத்தான் கொடுக்க வேண்டும். வீடியோவுக்குக் கொடுக்கக் கூடாது. சுலபமான வினாடி வினாவில் 98 வாங்கும் பிள்ளைக்கு ஊக்கம் வராது, சலிப்புதான் வரும். அந்தச் சலிப்பைப் பார்த்துவிட்டுச் சோம்பேறி என்று பிள்ளையைத் திட்டுகிற வீடுகள் உண்டு.

இன்னொரு சோதனை: பயிற்சிக் கணக்கு ஒன்றின் வரியை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடிப் பாருங்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் இலவசமாக வெளியிடும் ஓப்பன்கோர்ஸ்வேர் பாடங்களிலிருந்தோ ஹார்வர்டின் சி.எஸ். 50 என்ற கணினிப் பாடத்திலிருந்தோ எடுத்தது என்று தெரியவரலாம். எம்.ஐ.டி. பாடங்கள் வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது என்ற உரிமத்தில்தான் வெளியிடப்படுகின்றன. ஓசியில் கிடைப்பதை ரிப்பன் கட்டி விற்கிறார்கள்.

இனி பணம். 'ஜீரோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்பது தவணைச் சலுகை அல்ல, உங்கள் பெயரில் ஒரு கடன். நீங்கள் ஓ.டி.பி. சொன்னதும் ஒரு நிதி நிறுவனம் முழுத் தொகையையும் கோர்ஸ் நிறுவனத்துக்குக் கொடுத்துவிடும். அதன் பிறகு வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் நீங்கள் கடன்காரர். மேலே சொன்ன கோர்ஸையே ரொக்கமாகக் கட்டினால் 1,05,000 என்றார்கள். அப்படியானால் 15,000 வட்டி. பார்த்தால் 14 சதவீதம் போலத் தெரியும். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதால் உண்மையான ஆண்டு வட்டி சுமார் 25 சதவீதம் ஆகிறது. ஸ்ப்ரெட்ஷீட்டில் ரேட் ஃபங்ஷனில் 12, -10000, 105000 என்று போட்டால் மாத வட்டி 2.1 சதவீதம் என்று காட்டும்.

ஓ.டி.பி. சொல்வதற்கு முன் கடன் கொடுப்பவரிடமிருந்து கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட் என்ற தாளை வாங்கிப் படியுங்கள். டிஜிட்டல் கடனுக்கு அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கடன் கொடுக்கும் நிறுவனத்தின் பெயர், ஆண்டு வட்டி, அபராதம், கூலிங் ஆஃப் காலம் எல்லாம் அதில் இருக்கும். அந்தக் காலத்துக்குள் அசலையும் அதுவரையான வட்டியையும் திருப்பிக் கொடுத்துக் கடனிலிருந்து வெளியே வரலாம். 2021 டிசம்பரிலேயே மத்தியக் கல்வி அமைச்சகம் ஆன்லைனில் பாடம் விற்கும் எட்டெக் நிறுவனங்கள் பற்றி ஓர் அறிவுரை வெளியிட்டு, ஆட்டோ டெபிட் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. யார் படித்தார்கள்?

ரீஃபண்ட் விதியில் மூன்று இடங்களில் பொறி இருக்கும். 'பணம் கட்டிய ஏழு நாளுக்குள்' என்று இருக்கும்; பேட்ச் தொடங்குவது பத்தாம் நாள். 'பாடத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் திறந்திருந்தால் ரீஃபண்ட் இல்லை' என்று இருக்கும். ஆர்வமுள்ள பிள்ளை முதல் இரவே அத்தனையும் திறந்து பார்த்துவிடும். டேப்லட் கொடுத்தால் சீலை உடைத்ததும் கதை முடிந்தது. பணம் கட்டும் நாளிலேயே அந்த விதிப் பக்கத்தை பி.டி.எஃப். ஆகச் சேமித்து வையுங்கள், பிறகு மாற்றிவிடுவார்கள்.

சான்றிதழ் விஷயத்துக்கு வருவோம். ஏமாற்றின் பெரும்பகுதி இங்கேதான்.

ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) என்பது பள்ளி வயதில் எழுதும் கல்லூரித் தரத் தேர்வு, நடத்துவது அமெரிக்காவின் காலேஜ் போர்டு. ஏ.பி. கோர்ஸ் என்று விற்றால் கேட்க வேண்டியது: காலேஜ் போர்டின் ஏ.பி. கோர்ஸ் லெட்ஜரில் அந்த நிறுவனத்தின் பெயரும் அந்தப் பாடமும் இந்த ஆண்டுக்கு இருக்கிறதா? அது பொதுப் பட்டியல், யாரும் பார்க்கலாம். இன்னும் முக்கியமானது, ஏ.பி. தேர்வு எழுத எந்தக் கோர்ஸிலும் சேர வேண்டியதில்லை. மே மாதத் தேர்வில் 1 முதல் 5 வரை காலேஜ் போர்டு தரும் மதிப்பெண்தான் மதிப்பெண். நிறுவனம் அச்சடிக்கும் 'ஏ.பி. நிறைவுச் சான்று' சுவரில் மாட்டத்தான் ஆகும். சிரமம் தேர்வு மையத்தில் இடம் பிடிப்பதில் இருக்கிறது. பதிவு முந்தைய ஆண்டு இறுதியிலேயே முடிந்துவிடும். அதனால் ஆகஸ்டிலேயே மையங்களைக் கூப்பிட்டு, வெளி மாணவரைச் சேர்ப்பார்களா, எந்தெந்தப் பாடம் நடத்துவார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

'அமெரிக்கப் பல்கலைக்கழக கிரெடிட்' (பட்டப்படிப்பில் கணக்கில் வரும் பாட மதிப்பு) என்றால், டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பட்டியல் எந்தப் பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்திலிருந்து வரும் என்று எழுத்தில் கேளுங்கள். வந்தாலும் அதை ஏற்பதும் ஏற்காததும் சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் விருப்பம். 'காக்னியா அங்கீகாரம்' என்றால், பள்ளிகளுக்கு அங்கீகாரம் தரும் அந்த அமெரிக்க அமைப்பின் தளத்தில் பெயரைத் தேடுங்கள். 'கேண்டிடேட்' என்று இருந்தால் இன்னும் அங்கீகாரம் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

கேம்பிரிட்ஜ் ஏ லெவலுக்கு (பன்னிரண்டாம் வகுப்புக்கு நிகரான பிரிட்டிஷ் தேர்வு) தயார் செய்கிறோம் என்பவர்களிடம் செய்முறைத் தேர்வைப் பற்றிக் கேளுங்கள். பத்தாம் வகுப்புக்கு நிகரான ஐ.ஜி.சி.எஸ்.இ. இயற்பியலில் ஆய்வகம் இல்லாமல் ஆறாவது தாள் எழுதித் தப்பிக்கலாம். ஏ லெவலின் முதல் பாதியான ஏ.எஸ். லெவலில் மூன்றாவது தாள் ஆய்வகத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டியது. தனித்தேர்வரை ஆய்வகத்துக்குள் விடச் சம்மதிக்கும் பள்ளி கிடைப்பது குதிரைக்கொம்பு. விற்கும்போது யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

'ஒரே வருஷத்தில் பத்தும் பன்னிரண்டும் முடித்துத் தருகிறோம்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளி வாரியமான என்.ஐ.ஓ.எஸ். விதிப்படி பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழுக்கும் இடையில் இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும். பத்தாம் வகுப்பில் சேரக் குறைந்தது 14 வயது, பன்னிரண்டுக்கு 15. குறைந்தது ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். பதிவு ஐந்து ஆண்டு செல்லும். சேர்க்கையை நீங்களே ஆன்லைனில் செய்துகொள்ளலாம், ஏஜென்ட் தேவையில்லை. கேள்விப்படாத 'ஓப்பன் போர்டு' பெயர் வந்தால் காப்ஸி (COBSE) என்ற பள்ளிக் கல்வி வாரியங்களின் கூட்டமைப்பின் உறுப்பினர் பட்டியலில் தேடிவிட்டு மேலே பேசுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்புச் சான்று வேண்டாம் என்று விட்டுவிடுவதன் விலை என்ன என்பதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம் உண்டு. சர்வதேசக் கணினி ஒலிம்பியாடில் மூன்று பதக்கம் வென்ற, வீட்டில் படித்த மும்பை மாணவியை 2016-இல் எம்.ஐ.டி. சேர்த்துக்கொண்டது. பன்னிரண்டாம் வகுப்புச் சான்று இல்லாததால் ஐ.ஐ.டி. வழி அவருக்கு அடைபட்டிருந்தது. எந்தக் கோர்ஸ் சான்றிதழாலும் அந்தக் கதவு திறந்திருக்காது.

ஒலிம்பியாட் என்ற சொல்லிலும் கலப்படம் உண்டு. பள்ளிகள் வழியாகக் கட்டணம் வாங்கி மெடல் தரும் தனியார் தேர்வுகளுக்கும் சர்வதேச ஒலிம்பியாடுக்கும் சம்பந்தமே இல்லை. கணிதத்தில் உண்மையான வழி ஐ.ஓ.க்யூ.எம்., ஆர்.எம்.ஓ., ஐ.என்.எம்.ஓ. என்று படிப்படியாக வரும் மூன்று தேர்வுகள், பிறகு ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் முகாம். ஐ.ஓ.க்யூ.எம்.மில் மூன்று மணி நேரத்தில் முப்பது கணக்கு, விடை எல்லாம் முழு எண். ஆர்.எம்.ஓ.வில் அதே மூன்று மணி நேரத்துக்கு ஆறே கணக்கு, நிரூபணம் எழுத வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைகள் சறுக்குவது இரண்டாவதில். விடை தெரியும், எழுதத் தெரியாது. வாரம் இரண்டு நிரூபணத்தைத் திருத்திக் கொடுக்கக் கணித முதுகலை மாணவர் ஒருவரை மாதச் சம்பளத்துக்கு அமர்த்துவது, லட்ச ரூபாய் கோர்ஸைவிட நல்ல செலவு.

கெடுவுக்கு நாங்கள் முதலில் சொல்வது என்.பி.டி.இ.எல். ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் 2003-இல் தொடங்கிய ஆன்லைன் பாடத் திட்டம். பாடம் இலவசம், தேர்வு எழுதினால் மட்டும் பாடத்துக்கு 1,000 ரூபாய். வாராவாரம் அசைன்மென்ட், கெடு தாண்டினால் தாண்டியதுதான். அசைன்மென்ட் சராசரிக்கு 25 மதிப்பெண், நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. முதலாவதில் 10-உம் இரண்டாவதில் 30-உம் வாங்கினால்தான் சான்று. எட்டு வாரப் பாடத்தில் சிறந்த ஆறு அசைன்மென்ட் கணக்கில் வரும். சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிடியூட்டின் மாதவன் முகுந்த் எடுக்கும் எட்டு வாரப் பைதான், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடம் பதினைந்து வயதுக்கு எட்டும், ஆனால் வியர்க்க வைக்கும். ஒரு பருவத்துக்கு ஒரே பாடம். மூன்று எடுத்தால் ஐந்தாம் வாரம் மூன்றும் விழும். சி.எஸ். 50 எடுப்பதானால், பயிற்சிகளை முடித்தால் சான்றிதழை அவர்களே இலவசமாகத் தருகிறார்கள். எட்எக்ஸ் என்ற பாடத் தளம் வழியாகக் காசு கட்டிப் பெறுவது தனி.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு. கோர்ஸ் நிறுவனத்துக்கும் கடன் நிறுவனத்துக்கும் ஒரே நாளில் மின்னஞ்சல் அனுப்புங்கள். வாட்ஸப்பில் வேண்டாம், தொலைபேசியில் வேண்டவே வேண்டாம். கடன் எண், பணம் கட்டிய தேதி, சொன்னது என்ன, தந்தது என்ன, ரத்து செய்கிறேன் என்ற ஒரு வரி போதும். கோபத்தில் வங்கிக் கணக்கைக் காலி செய்துவிடாதீர்கள். தவணை திரும்பினால் வங்கி அபராதமும் சிபில் கடன் மதிப்பெண்ணில் விழும் அடியும் உங்களுக்குத்தான். ஆட்டோ டெபிட்டை ரத்து செய்தாலும் கடன் ரத்தாகாது. பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார். கடன் நிறுவனம் முப்பது நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அவர் விசாரிப்பது கடன் கொடுத்தவரை மட்டும், கோர்ஸ் விற்றவரை அல்ல. கோர்ஸ் விற்றவருக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் பெங்களூரிலோ குர்கானிலோ இருந்தாலும் 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ஜி.எஸ்.டி. எண்ணுள்ள ரசீது, சேமித்து வைத்த அந்த பி.டி.எஃப்., பிள்ளை கடைசியாக லாகின் செய்த தேதி தெரியும் பக்கம் ஆகிய நான்கும் கையில் இருக்கட்டும். கோர்ஸ் கணக்கை அவர்கள் முடக்கிவிட்டால் கடைசியாகச் சொன்னது கிடைக்காது, அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.