கூகுள் விளம்பரத்துக்கு ஏஜென்சி பிடிக்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

புதுசா கூகுள் ஆட்ஸ் போடலாம்னு ஏஜென்சி தேடறவங்க, காசு கட்டறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேளுங்க. ஆட்ஸ் அக்கவுண்ட் யார் பேர்ல இருக்கும்? நம்ம மெயில் ஐடியில ஓபன் பண்ணி நம்ம கார்டைப் போட்டு, அவங்களுக்கு மேனேஜர் அக்கவுண்ட் (பல கஸ்டமரோட அக்கவுண்ட்டை ஒரே இடத்துல இருந்து பார்க்க ஏஜென்சிங்க வெச்சிருக்கறது) வழியா ஆக்சஸ் மட்டும் கொடுக்கணும், அதுதான் முறை. "அதெல்லாம் எங்க அக்கவுண்ட்லதான் ஓடும், நாங்க ரிப்போர்ட் அனுப்பிடுவோம்"னு சொன்னா அப்பவே எழுந்து வந்துடுங்க. எங்களோடது ஏசி சர்வீஸ் தொழில், எங்ககிட்டயும் இதையேதான் சொன்னாங்க, கூடவே முதல் இடம் கியாரண்டின்னு வேற. ஒவ்வொரு தேடலுக்கும் தனியா ஏலம் நடக்குது, அதுல முதல் இடத்துக்கு யாராலயும் கியாரண்டி கொடுக்க முடியாதுங்க.

மாசாமாசம் பிடிஎஃப் வரும், கலர் கலரா கிராஃப் போட்டு இத்தனை கிளிக், இத்தனை கன்வர்ஷன் (கிளிக் பண்ணவங்க போன் பண்ற மாதிரி நமக்குப் பலன் தர்ற காரியம்) நடந்துச்சுன்னு இருக்கும், ஆனா போன் மட்டும் அடிக்காது. கேட்டா "லேர்னிங் பீரியட் சார் (கூகுள் சிஸ்டம் இன்னும் கத்துக்கிட்டு இருக்காம்), பட்ஜெட்டை ஏத்துங்க"ம்பாங்க. அவங்க ஃபீஸே விளம்பரச் செலவுல இவ்வளவு சதவீதம்னு பேசினது, அப்ப நம்ம காசு எவ்வளவுக்கு எவ்வளவு கரையுதோ அவங்களுக்கு அவ்வளவு வரும், ஏன் குறைக்கப் போறாங்க? சின்னதா ஆரம்பிக்கறவங்க ஃபிக்ஸட் ஃபீஸ் பேசறதுதான் நல்லதுன்னு நான் நினைக்கிறேன்.

அடுத்த பேமெண்டை நிறுத்தி வெச்சதுக்கு அப்புறம்தான் சும்மா பார்க்கறதுக்கு மட்டும் ஆக்சஸ் கொடுத்தாங்க. உள்ள போய்ப் பார்த்தா வயிறு எரிஞ்சுது. சர்ச் டெர்ம்ஸ்னு ஒரு ரிப்போர்ட் இருக்கு, ஜனங்க என்ன டைப் பண்ணிட்டு நம்ம விளம்பரத்தைக் கிளிக் பண்ணாங்கன்னு அதுல தெரியும் (எல்லாமே காட்டாது, ஆனா காட்டற வரைக்குமே போதும்). "ஏசி மெக்கானிக் வேலை", "ஏசி டெக்னீஷியன் கோர்ஸ்", "வீட்லயே ஏசி கிளீன் பண்றது எப்படி", அப்புறம் பெரிய பிராண்டுங்களோட கஸ்டமர் கேர் நம்பர் தேடினவங்க, இப்படியே பக்கம் பக்கமா போகுது, அத்தனை கிளிக்குக்கும் காசு போயிருக்கு. கீவேர்ட் (எந்தத் தேடலுக்கு விளம்பரம் வரணும்னு நாம கொடுக்கற வார்த்தை) பூரா பிராட் மேட்ச், அதாவது சம்பந்தம் இருக்கற மாதிரி தெரியற தேடலுக்கெல்லாம் விளம்பரம் போகும்; நெகட்டிவ் கீவேர்ட், அதாவது இந்த வார்த்தை இருந்தா விளம்பரம் வேண்டாம்னு சொல்றது, ஒண்ணுகூட இல்ல. வேலை, கோர்ஸ், எப்படி, இலவசம்னு நாலு வார்த்தையை நெகட்டிவ்ல போட்டிருந்தாலே பாதி ஓட்டை அடைஞ்சிருக்கும். கீவேர்டை மேற்கோள் குறிக்குள்ள போட்டா ஃப்ரேஸ் மேட்ச் (அந்த கீவேர்டோட அர்த்தம் அடங்கின தேடல்), சதுர அடைப்புக்குறிக்குள்ள போட்டா எக்ஸாக்ட் மேட்ச் (அதே அர்த்தத்துல வர்ற தேடல் மட்டும்), ஆரம்பத்துல இந்த ரெண்டோட நிறுத்திக்கோங்க.

லொகேஷன் செட்டிங்கையும் தொடவே இல்ல. அது தானா இருக்கற நிலையில, நம்ம ஏரியாவுல இருக்கறவங்களோட சேர்த்து அந்த ஏரியா மேல ஆர்வம் காட்டறவங்களுக்கும் விளம்பரம் போகும், எங்கேயோ இருக்கறவங்க வீட்டு ஏசியை நாங்க எப்படிப் போய் சர்வீஸ் பண்றது? சர்ச் கேம்பைன்லயே (தேடல்ல வர்ற விளம்பரத்துக்கான செட்டப்) டிஸ்ப்ளே நெட்வொர்க் (மத்தவங்களோட வெப்சைட், ஆப்ல விளம்பரம் காட்டறது) டிக்கையும் எடுக்கல, அதனால கேம் ஆப்ல எல்லாம் எங்க விளம்பரம் வந்து கைதவறி விழுந்த கிளிக்குக்கும் பணம் போயிருக்கு.

அந்த கன்வர்ஷன் கணக்கு இருக்கே, அதுதான் அப்பட்டமான ஏமாத்து. எங்க வெப்சைட்டோட முதல் பக்கம் திறந்தாலே ஒரு கன்வர்ஷன்னு செட் பண்ணி வெச்சிருந்தாங்க. போன் கால், ஃபார்ம் ஃபில் பண்ணி நன்றி பக்கம் வரைக்கும் வந்தவங்க, இதைத்தான் எண்ணணும். அதைவிடக் கொடுமை, விளம்பரத்துக்குன்னு எங்ககிட்ட வாங்கினதுல பாதிகூட கூகுளுக்குப் போகல, அக்கவுண்ட்ல செலவைக் காட்டற "காஸ்ட்" கட்டத்துல பச்சையா தெரியுது. கேட்டதுக்கு டாக்ஸ், சாஃப்ட்வேர் சார்ஜ்னு மழுப்பினாங்க, பில் கடைசி வரைக்கும் தரல.

ஒண்ணு மட்டும் நியாயமா சொல்லணும், ஒரு நாள்ல டெய்லி பட்ஜெட்டைவிட ரெண்டு மடங்கு வரைக்கும் செலவாச்சுன்னா அது ஏஜென்சி தப்பு இல்ல, கூகுளே அப்படித்தான் செலவு பண்ணும், ஆனா மாசத்துக்கு டெய்லி பட்ஜெட்டோட 30.4 மடங்கைத் தாண்டி சார்ஜ் பண்ணாது. அதைத் தெரிஞ்சுக்கிட்டு சண்டை போடுங்க.

நாங்க வெளிய வந்தப்போ அக்கவுண்ட், டேட்டா எதுவுமே கைக்கு வரல, எல்லாம் அவங்க பேர்ல இருந்துச்சு. இப்ப ஏஜென்சிகிட்ட விட்டிருக்கறவங்க இன்னைக்கே அட்மின் ஆக்சஸ் கேளுங்க, கிடைச்சதும் முதல்ல சேஞ்ச் ஹிஸ்டரியைத் திறங்க, 2 வருஷம் வரைக்கும் யார் எப்ப என்ன மாத்தினாங்கன்னு காட்டும். எங்களோடதுல கேம்பைன் போட்ட அன்னைக்கு அப்புறம் பட்ஜெட்டை ஏத்தினது தவிர வேற ஒரு வரிகூட இல்ல.