ஒரு நாள் பயிலரங்கா, வருடம் முழுக்க ஆய்வகமா?

பெங்களூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். மாணவிகளுக்குச் சம வாய்ப்பு கிடைக்க ஆண் ஆசிரியர்கள் என்ன செய்யலாம் என்ற பேச்சில் இரண்டு வழிகள் வந்தன.

முதலாவது, ஆண்களுக்கான ஒரு நாள் பயிலரங்கம். நடத்துவது எளிது, யாரும் எதிர்க்க மாட்டார்கள். ஆனால் ஏற்கெனவே அக்கறை உள்ளவர்கள்தான் பெரும்பாலும் வந்து உட்காருகிறார்கள்.

இரண்டாவது, ஆய்வகத்தில் வேலை பிரிக்கும் முறையையே மாற்றுவது. நான்கு பேர் குழுவில் மின்கம்பிகளைப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னும் மின் அலைகளைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பும் பையன்கள் கையில், ரெக்கார்டு நோட்டு மட்டும் அந்த ஒரு பெண்ணிடம். எத்தனை வருடமாக இதைப் பார்க்கிறேன்! வாராவாரம் வேலையைச் சுழற்றினால் எல்லோருக்கும் கை பழகும், வைவா என்ற வாய்மொழித் தேர்வில் பயமும் குறையும். ஆனால் ஆசிரியர் ஒவ்வொரு வகுப்பிலும் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டும். அலுப்பான வேலைதான்.

1933-ல் இதே ஊரில், இந்திய அறிவியல் கழகத்தில், பின்னாளில் உயிர்வேதியியல் அறிஞரான கமலா சோஹோனிக்கு, பெண் என்பதால் இடம் மறுத்தவர் அப்போது அதன் இயக்குநராக இருந்த நம் திருச்சிக்காரர் சர் சி. வி. ராமன். கமலா விடாமல் போராடிய பிறகு, முதல் வருடம் சோதனை அடிப்படையில் சேர்த்துக்கொண்டார். ராமன் மனம் மாறியது கமலாவின் ஆய்வக வேலையைப் பார்த்துத்தான். 1939-ல் கமலா கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார்.

அதனால் என் ஓட்டு ஆய்வகத்துக்கே. பயிலரங்கம் வேண்டுமென்றால், புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்கு செமஸ்டர் தொடங்கும் முன் நடத்தலாம். அப்புறம் அவர்களும் ஆய்வகத்துக்கு வரட்டும்.