சேலம் வெயிலில் குட்டி கேபினெட்: நான்கில் எது?

ஏசி இல்லாத அறையில் வைத்து கேம் விளையாட ஒரு குட்டி பிசி கேபினெட் சொல்லுங்கள் என்று சேலத்துக்காரர் ஒருவர் கேட்டால் என் பதில் இதுதான். மினி-ஐடிஎக்ஸ் மதர்போர்டு ஏற்கெனவே கையில் இருந்தால் கூலர் மாஸ்டர் என்ஆர்200பி. போர்டு இன்னும் வாங்கவில்லை என்றால் லியான் லி, டான் கேசஸ் என்ற இரு நிறுவனங்கள் சேர்ந்து செய்த ஏ3-எம்ஏடிஎக்ஸ். ஃபிராக்டல் டிசைனின் டெர்ராவும் லியான் லி ஏ4-எச்2ஓ-வும் கண்ணைப் பறிக்கும் அழகு. ஆனால் அந்த இரண்டுக்கும் ஏற்ற இடம் ஏசி அறை, இல்லையென்றால் ஏற்காடு.

அளவைச் சொல்லிவிடுகிறேன். டெர்ரா 10.4 லிட்டர், ஏ4-எச்2ஓ 11 லிட்டர், என்ஆர்200பி 18 லிட்டருக்குக் கொஞ்சம் மேல், ஏ3 26.3 லிட்டர். சாதாரண டவர் கேபினெட் 40, 50 லிட்டர் வரை போகும் என்பதால் நான்குமே குட்டிதான். முதல் மூன்றும் 17 செ.மீ. சதுரமான மினி-ஐடிஎக்ஸ் போர்டுக்கானவை. ஏ3-யில் 24.4 செ.மீ. சதுர மைக்ரோ-ஏடிஎக்ஸ் போர்டும் உட்காரும். கடைசியில் பணக்கணக்கையே மாற்றிப் போடுவது இந்த ஒரு வித்தியாசம்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

வெளிநாட்டு விமர்சனங்களைப் பார்த்து கேபினெட் வாங்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே காட்டும் வெப்பநிலை எல்லாம் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரிக்குள் இருக்கும் அறையில் எடுத்தது. பிராசசர் மேல் மாட்டும் கூலர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், சுற்றியுள்ள காற்றைவிட இத்தனை டிகிரி கூடுதல் என்ற கணக்கில்தான் அது பிராசசரை வைத்திருக்கும். 22 டிகிரி அறையில் 75 காட்டிய பிராசசர், அதே கேபினெட்டில், அதே கேமில், 38 டிகிரி அறைக்கு வந்தால் 91-க்குப் போகப் பார்க்கும். ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசசருக்கு உச்ச வரம்பே 89 டிகிரி. அதைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெயில் 40-ஐத் தொடுவது வழக்கம்தான். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை என்றால் இரவு பத்து மணிக்கும் தளம் அனலடிக்கும். அதனால் விமர்சனத்தில் எந்த எண்ணைப் பார்த்தாலும் அதோடு ஒரு பதினைந்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். கூட்டியும் தாங்குகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. 250 வாட் கிராபிக்ஸ் கார்டு எந்தப் பெட்டியில் இருந்தாலும் அறைக்குள் 250 வாட் சூட்டைத்தான் கொட்டும். கேபினெட்டின் வேலை அந்தச் சூட்டைத் தேங்கவிடாமல் வெளியே தள்ளுவது. பெரிய கேபினெட் வாங்கினால் அறை குளிர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அறைக்கு ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும்தான் வழி.

இந்தக் கணக்கில் மூன்று மினி-ஐடிஎக்ஸ் கேபினெட்டுகளில் என்ஆர்200பி முந்துவதற்குக் காரணம் அதன் கூலர் உயரம். 155 மி.மீ. வரை கூலர் போடலாம். தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ சரியாக 155 மி.மீ. உயரம். இரண்டு ஃபேன், இரட்டைக் கோபுரம் கொண்ட முழு அளவு ஏர் கூலர் அது, விலையும் கட்டுப்படியாகும். டெர்ராவில் கூலர் உயரம் அதிகபட்சம் 77 மி.மீ., ஏ4-எச்2ஓ-வில் 55 மி.மீ. இந்த உயர வித்தியாசம் அப்படியே அலுமினியத் தகடுகளின் பரப்பு வித்தியாசம். மே மாதத்தில் நமக்குத் தேவைப்படும் அந்தப் பதினைந்து டிகிரி இடைவெளியைக் கொடுப்பது இந்தப் பரப்புதான்.

காற்று போகும் பாதையும் நேரானது. அடியில் இரண்டு 120 மி.மீ. ஃபேன், மேலே இரண்டு 120 மி.மீ. ஃபேன் மாட்டலாம். அடியில் இருப்பவை நேராக கிராபிக்ஸ் கார்டுக்கு ஊதும், மேலே இருப்பவை சூட்டை இழுத்து வெளியே விடும். 330 மி.மீ. நீளமும் 60 மி.மீ. தடிமனும் உள்ள மூன்று ஸ்லாட் கார்டு வரைக்கும் இடம் இருக்கிறது. கார்டு அவ்வளவு தடிமனாக இருந்தால் அடியில் 15 மி.மீ. ஒல்லி ஃபேன்கள்தான் போகும். கூடவே ஒரு கண்ணாடித் தகடும் தருகிறார்கள். அதை அட்டைப் பெட்டியிலேயே பத்திரமாக வைத்துவிட்டுத் துளைத் தகட்டை மாட்டுங்கள். கண்ணாடி போட்டால் கூலருக்கான இடமும் சுருங்கும், காற்றும் சுருங்கும்.

தூசி விஷயத்தில் இந்த ஊருக்கென்று தனிக் கணக்கு உண்டு. அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் விசைத்தறி ஓடுகிற தெருக்களில் காற்றில் பஞ்சு மிதக்கும். மேக்னசைட் சுரங்கங்கள் இருக்கும் பக்கம் வெள்ளைப் பொடி. பஞ்சு தூசி மற்ற தூசி மாதிரி உதிராது, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அம்மாபேட்டையில் தறிக்கூடத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் தம்பி ஒருவரின் என்ஆர்200பி-யைத் திறக்கும்போது கூட இருந்தேன். ஸ்க்ரூ டிரைவர் தேவைப்படவில்லை. பக்கத் தகடுகளைக் கையாலேயே இழுத்துக் கழற்றினார். அடியில் இருந்த வலையை உருவியதும், அதன் மேல் படிந்த பஞ்சு ஒரே துண்டாக, சாம்பல் நிறப் போர்வை மாதிரி உரிந்து வந்தது. அதற்குள் பச்சையும் மெஜந்தாவுமாக ஓரிரு நூல் துணுக்குகள். வலைக்கு அந்தப் பக்கம், கார்டின் ஹீட்சிங்க் ஓரத்தில் மெல்லிய கோடாகக் கொஞ்சம் படிந்திருந்தது, அவ்வளவுதான்.

“அண்ணா, இன்னும் கொஞ்சம் பணம் போட்டு டெர்ராவே வாங்கியிருக்கலாமோ? மேசையில வெச்சா அவ்வளவு அழகா இருக்கு” என்றார்.

“அழகுதான் தம்பி. ஆனா இந்தப் பஞ்சு மொத்தமும் அதுல நேரா கார்டு மேல போயிருக்கும்” என்றேன்.

டெர்ராவின் பக்கத் தகடுகளில் இருப்பவை வெறும் துளைகள். அவற்றுக்குப் பின்னால் வடிகட்டும் வலை இல்லை. சுத்தமான அறையில் அது நல்லதுதான், காற்று தடையில்லாமல் போகும். தறி ஓடும் தெருவில் அது வம்பு.

அதற்காக டெர்ராவைக் குறைத்துச் சொல்லவில்லை. 343 மி.மீ. நீளம், 153 மி.மீ. அகலம், 218 மி.மீ. உயரத்துக்குள் 322 மி.மீ. நீளக் கார்டை அடக்கியிருக்கிறார்கள். வெளியே அலுமினியம், முகப்பின் கீழ்ப்பகுதியில் வால்நட் மரம். உள்ளே நடுவில் ஒரு தடுப்புச் சுவர். ஒரு பக்கம் மதர்போர்டு, மறுபக்கம் கிராபிக்ஸ் கார்டு. அந்தச் சுவரை இப்படியும் அப்படியும் நகர்த்தலாம். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 120 மி.மீ. இருக்கிறது, அதைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். 50 மி.மீ. தடிமனான இரண்டரை ஸ்லாட் கார்டு போட்டால் கூலருக்கு 70 மி.மீ. கிடைக்கும், நாக்டுவா என்எச்-எல்12எஸ் கச்சிதமாக உட்காரும். 60 மி.மீ. கார்டு ஆசைப்பட்டால் அந்தக் கூலர் போகாது. கார்டு பக்கத் தகட்டை ஒட்டி நின்று வெளிக் காற்றை நேரடியாக இழுப்பதால், இந்த அமைப்பில் கார்டின் வெப்பநிலை பலர் பயப்படுகிற அளவுக்கு மோசமாக இருக்காது. திணறுவது பிராசசர் பக்கம். ரைசன் 5 7600 மாதிரி 65 வாட் பிராசசரோடு, கார்டின் மின் அளவையும் மென்பொருளில் 80 சதவீதத்துக்குக் குறைத்து வைத்தால், ஏசி அறையில் டெர்ரா அருமையாக ஓடும். 80 சதவீதம் என்றால் வேகமும் அதே அளவு குறையும் என்று பயப்பட வேண்டாம். கார்டுகள் கடைசிச் சில சதவீத வேகத்துக்குத்தான் அளவுக்கு மீறி மின்சாரம் குடிக்கின்றன.

ஏ4-எச்2ஓ பிராசசர் சிக்கலை 240 மி.மீ. வாட்டர் கூலரால் தீர்க்கிறது. ரேடியேட்டர் மேல் பக்கத்தில் உட்காரும். இதிலும் கார்டு 322 மி.மீ. வரை. வடிவமைப்பு புத்திசாலித்தனமானது, மறுக்க மாட்டேன். ஆனால் எனக்கு இதில் இரண்டு தயக்கம். தண்ணீரும் அறையின் வெப்பத்துக்குக் கீழே போகாது. 38 டிகிரி அறையில், கார்டின் சூடும் சேர்ந்து ஏறும்போது, குழாய்க்குள் ஓடும் நீரே 50 டிகிரியைத் தாண்டப் பார்க்கும். பம்புக்கு 60 டிகிரி வரைதான் என்று தயாரிப்பாளர்கள் வரம்பு வைப்பது வழக்கம். இரண்டாவது, ஏர் கூலரில் கெட்டுப் போகக்கூடியது ஃபேன் மட்டும். சில நூறு ரூபாயில் மாற்றிவிடலாம். வாட்டர் கூலரில் பம்பு போனால் மொத்தத்தையும் கழற்றி, வாரண்டிக்கு அனுப்பிவிட்டு, அது திரும்பி வரும்வரை பிசி இல்லாமல் இருக்க வேண்டும்.

டெர்ரா, ஏ4 இரண்டிலும் கார்டு நேராக ஸ்லாட்டில் உட்காராமல், ரைசர் என்ற நீட்டிப்பு கேபிள் வழியாகத்தான் போர்டோடு பேசும். அந்த இணைப்புக்குப் பெயர் பிசிஐஇ. கேபிள் அதன் 4.0 தலைமுறை, கார்டு 5.0 என்று இருந்தால் சில சமயம் திரையே வராது. போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் அந்த ஸ்லாட்டை ஜென் 4 என்று கையால் மாற்றினால் சரியாகிவிடும். வேகத்தில் வரும் இழப்பு கண்ணுக்குத் தெரியாத அளவுதான்.

சரி, பணத்துக்கு வருவோம். மினி-ஐடிஎக்ஸ் போர்டில் ரேம் ஸ்லாட் இரண்டு, பிசிஐஇ ஸ்லாட் ஒன்று. வசதி குறைவு, விலை மட்டும் அதே சிப்செட் மைக்ரோ-ஏடிஎக்ஸ் போர்டைவிட நன்றாகவே கூடுதல். அதோடு டெர்ராவும் ஏ4-உம் என்ஆர்200பி-யும் எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன அளவு எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) கேட்பவை. அதுவும் விலை கூட. ஏ3-யில் சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸே போடலாம். கூலர் 165 மி.மீ. வரை, கார்டு 415 மி.மீ. வரை. ரைசர் தேவையில்லை. போர்டிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் மிச்சமாகும் பணத்தை கார்டில் போட்டால் அடுத்த படிக்கு ஏறலாம். கேமில் கண்ணுக்குத் தெரியப்போவது அந்தப் படிதான். ஏ3 கேபினெட்டோடு ஃபேன் வராது, அதற்குத் தனியாக ஒதுக்க வேண்டும். தூசி அதிகமுள்ள தெரு என்றால், காந்தப் பட்டையோடு தனியாக விற்கும் வலையை அடியிலும் பக்கத்திலும் ஒட்டிக்கொள்ளலாம்.

இதில் இன்னொரு உள்ளூர்க் காரணமும் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏடிஎக்ஸ் என்றால் ஐந்து ரோடு பக்கமோ ஜங்ஷன் பக்கமோ ஒரு கடையில் வாங்கி அன்றிரவே ஓட்டிவிடலாம். எஸ்எஃப்எக்ஸ் என்றால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்தோ பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலிருந்தோ பார்சல் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். சேலத்தில் இருப்பவருக்கு என் மனம் ஏ3 பக்கமே சாய்வதற்கு, காற்றோட்டத்துக்கு அடுத்த காரணம் இது. மேசையில் 44 செ.மீ. நீளம் பிடிக்கும் என்பது மட்டும்தான் இதன் குறை. அந்த இடம் இல்லாதவருக்கு என்ஆர்200பி.

ஏற்காட்டில் நிலைமை தலைகீழ். 1,500 மீட்டர் உயரத்தில் காற்று லேசாகிவிடும். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் அடர்த்தி ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிச் செல்லும் காற்றின் எடை குறையும். ஆனால் கோடையிலும் சேலத்தைவிடப் பத்து டிகிரி பக்கம் குளிர்ச்சி என்பதால் அந்தக் குறை ஈடுகட்டப்பட்டு மிச்சமும் இருக்கும். தறியும் இல்லை, பஞ்சும் இல்லை. எஸ்டேட் வீட்டின் மர மேசையில் வைக்க டெர்ராவைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தோன்றவில்லை. அங்கே எதிரி ஈரம். மழைக்காலத்தில் மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வரும். வாரக்கணக்கில் அணைத்து வைத்த பிசியின் ஸ்க்ரூக்களில் துரு பிடிக்கும். தினமும் கொஞ்ச நேரமாவது ஓட விடுங்கள், உள்ளிருக்கும் சூடே ஈரத்தை விரட்டிவிடும். பின்பக்கம் காலி ஸ்லாட் மூடிகளையும் மறக்காமல் போடுங்கள். சூடு தேடி வரும் பல்லிக்கு அந்த இடுக்கு போதும்.

மேலேயும் கீழேயும் பிசியைத் தூக்கிக்கொண்டு அலைபவர் என்றால், சேலம் - ஏற்காடு சாலையில் 20 கொண்டை ஊசி வளைவு. என்ஆர்200பி-யிலும் ஏ3-யிலும் கனமான கார்டு போர்டின் ஸ்லாட்டில் படுத்தவாக்கில் தொங்கும். கிளம்பும் முன் கழற்றித் தனியாகச் சுற்றி எடுத்துப் போவது நல்லது. டெர்ராவிலும் ஏ4-இலும் அது நிமிர்ந்து சட்டத்தோடு இறுகி நிற்பதால் அப்படியே மடியில் வைத்துக்கொள்ளலாம். மேலே போனதும் உடனே சுவிட்ச் போடலாம், பிசி சூடாகத்தான் இருக்கும். இறங்கி வரும்போதுதான் கவனம் வேண்டும்: குளிர்ந்த உலோகம் சேலத்துப் புழுக்கத்தில் வியர்க்கும். ஒரு மணி நேரமாவது தகடுகளைத் திறந்து வைத்துவிட்டு அப்புறம் பிளக்கைச் சொருகுங்கள்.