பெரியப்பாவின் வில்லுப்பாட்டு நோட்டுகளுக்கு எந்த உரிமம்?

அம்பாசமுத்திரம் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டுப் பாடும் என் பெரியப்பா, நாற்பது வருடமாக எழுதிச் சேர்த்த பதினொரு நோட்டுகளை இணையத்தில் ஏற்றித் தரச் சொன்னார். ஸ்கேன் வேலை சீக்கிரம் முடிந்தது. எந்த உரிமத்தில், அதாவது மற்றவர்கள் அதை என்னென்ன செய்யலாம் என்ற எந்த அனுமதியோடு, வெளியிடுவது என்பதில்தான் இரண்டு வாரம் நின்றுவிட்டேன்.

ஒன்றும் செய்யாமல் விட்டால் பதிப்புரிமை தானாகவே இருக்கும்: எழுதியவரின் ஆயுள், அதற்குப் பின் 60 ஆண்டு. இது கலைஞனுக்குக் காவல் என்பார்கள். கடையத்து மருமகனான பாரதியார் 1921இல் இறந்தார். அவர் பாட்டுகளின் உரிமை கைமாறிக் கைமாறிப் போய், 1949இல் அரசு வாங்கிய பிறகுதான் பொதுச் சொத்தாகும் வழி திறந்தது. எல்லோருக்கும் அப்படி அரசு வந்து நிற்காது. இந்த வழி வேண்டாம்.

அடுத்தது, பகிரலாம், ஆனால் மாற்றக்கூடாது, காசு பார்க்கக்கூடாது என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் (படைப்பாளிகள் எடுத்துப் போட்டுக்கொள்ளத் தயாராக எழுதி வைத்த பொது உரிமங்களில் ஒன்று). பத்திரமாகத் தெரிந்ததால் முதலில் இதைத்தான் எடுத்தேன். அப்புறம் யோசித்தால், கொடையில் பாடுகிறவர் தொகை பேசித்தானே வருகிறார்? வணிகத்துக்குத் தடை என்று எழுதினால், வெளியே நிற்பது பெரிய கம்பெனி மட்டுமல்ல, பக்கத்து ஊரில் வில்லுப்பாட்டுப் பாடும் புலவரும்தான்.

மாற்றத் தடை அதைவிட மோசம். மூன்றாம் நோட்டில் சுடலைமாடன் கதையில் ஒரே வரி மூன்று முறை அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறது. நீல மை, கறுப்பு மை, கடைசியில் பென்சில். ஓரத்தில் மூன்று ஊர்ப் பெயர்கள். அந்தந்த ஊரில் பீடம் போட்டவர் யார், சாமி எந்த வழியாக வந்தது என்பதைச் சேர்த்துப் பாடினால்தான் கேட்பவர்களுக்கு அது தங்கள் கதை. கேட்டதற்குப் பெரியப்பா, "அப்படியே பாடுனா அது ஒப்பிக்கதுல்லாடே" என்றார்.

அதனால் கட்டற்ற மென்பொருளின் (யாரும் திறந்து பார்த்து மாற்றலாம் என்று விடப்படும் கணினி நிரலின்) வழிதான் இந்த நோட்டுகளுக்குப் பொருந்துகிறது. பயன்படுத்தலாம், படித்து மாற்றலாம், பகிரலாம், மாற்றியதையும் பகிரலாம், சம்பாதிக்கவும் செய்யலாம். பெயர் போட வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதையும் இதே உரிமத்தில் தரவேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸில் இதற்கு CC BY-SA என்று பெயர்; விக்கிப்பீடியாக் கட்டுரைகளுக்கும் இந்த உரிமம்தான். யாராவது நோட்டைத் திருத்திப் புத்தகமாகப் போட்டுவிட்டு, இனி எவரும் தொடக்கூடாது என்று பூட்ட முடியாது. எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது.

அதற்காக எல்லாக் கலைக்கும் இதையே சொல்ல மாட்டேன். பெரியப்பாவுக்கு வருமானம் கொடையில் வருகிறது, நோட்டை விற்று அல்ல. பிரதி விற்றுச் சாப்பிடும் நாவலாசிரியரிடமோ ஓவியரிடமோ 'சும்மா கொடுங்கள்' என்று கேட்கும் உரிமை நமக்கு இல்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனே பிரித்துத்தான் பேசுகிறார். மென்பொருள், சமையல் குறிப்பு, கையேடு போல வேலைக்குப் பயன்படுபவை மாற்றத்தக்கவையாக இருக்கவேண்டும் என்பார். ஒருவர் தன் எண்ணத்தையோ அனுபவத்தையோ சொல்லும் எழுத்துக்கு, மாற்றாமல் பகிரும் அனுமதி போதும் என்பார்.

பதினோராவது நோட்டைத் திறந்தபோது அது சரியென்று பட்டது. அதில் கதைப்பாட்டு இல்லை. பெரியம்மா இறந்த வருடம் அவர் தனக்காக எழுதிய பாட்டுகள், ஒன்றில்கூட அடித்தல் கிடையாது. பத்து நோட்டுகளைக் கட்டற்ற உரிமத்தில் ஏற்றினேன். அந்த ஒன்றை, ஏற்ற வேண்டுமா என்று கேட்டு அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.