பாலைவனக் காட்டுச் சுற்றுப்பாதை: டியூபா, டியூப்லெஸ்ஸா, இன்சர்ட்டா?

பாலைவனக் காட்டில் மவுண்டன் பைக் (மலைப்பாதைச் சைக்கிள்) டயரைக் கெடுப்பவை இரண்டு: முள், கூர்ப்பாறை. முள் குத்தினால் மெல்லிய துளை விழும், காற்று மெதுவாக இறங்கும். பாறை விளிம்பில் மோதினால் டயர் ரிம் வரை நசுங்கிக் கிழியும். ஒன்றைத் தடுக்கும் ஏற்பாடு மற்றதைத் தடுக்காது. அதனால் டயர் அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் முன், போகப்போகும் பாதையில் எது அதிகம் என்று பார்க்க வேண்டும்.

அரிசோனாவின் சொனோரன் பாலைவனத்தில் முள்ளுக்குப் பஞ்சமில்லை. சோயா (cholla) என்ற கள்ளியின் கணுக்கள் உடைந்து பாதையிலேயே கிடக்கும். சீமைக்கருவேலத்துக்கு உறவான மெஸ்கீட்டின் காய்ந்த கிளைகள் பாதையோரத்தில் விழுந்திருக்கும். மிதிபட்ட வெற்றுத் தரையில் நெருஞ்சி படரும். யூட்டாவின் கூஸ்பெர்ரி மேசா வேறு மாதிரி. பின்யன் பைனும் ஜூனிப்பரும் வளர்ந்த குட்டைக்காட்டின் நடுவே மணற்பாறைப் படிகள் வந்துகொண்டே இருக்கும்; அங்கே பெரும்பாலும் ரிம்தான் அடி வாங்கும். ஃபீனிக்ஸின் சவுத் மவுண்டனில் உள்ள நேஷனல் டிரெயில் போன்ற பாதைகளில் இரண்டுமே உண்டு.

கீழே வரும் அளவுகள் தண்ணீர்ப் பையோடு சேர்த்து 75 கிலோ எடையுள்ளவருக்கு, 29 அங்குலச் சக்கரம், 2.4 அங்குல டயர் என்ற கணக்கில். எடை 10 கிலோ கூடினால் காற்றழுத்தத்தை 2 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) கூட்டிக்கொள்ளலாம்.

டியூப்

சாதாரண பியூட்டைல் ரப்பர் டியூப் 200 முதல் 250 கிராம். ரிம்மில் மோதி டியூப் கடிபடாமல் இருக்க 28 முதல் 32 பி.எஸ்.ஐ. தேவை. அந்த அழுத்தத்தில், பாறைமேல் உதிர்ந்து கிடக்கும் பொடிக்கற்களில் டயர் பிடிக்காமல் துள்ளும். ஏற்றத்தில் பின்சக்கரம் வீணாகச் சுழலும். அழுத்தத்தைக் குறைத்தால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெட்டு விழும், பாம்புக்கடி போல. ஒரு முள் குத்தினால் ஒரு பஞ்சர் நிச்சயம்.

டியூபுக்குள் 60 முதல் 90 மி.லி. சீலண்ட் (துளையை அடைக்கும் லேட்டக்ஸ் திரவம்) ஊற்றினால் நெருஞ்சியை ஓரளவு சமாளிக்கலாம். கடிபட்ட வெட்டை அது அடைக்காது. டயருக்கும் டியூபுக்கும் நடுவே வைக்கும் முள்தடுப்புப் பட்டையின் ஓரமே நாளடைவில் டியூபை உரசி ஓட்டையாக்குவதும் உண்டு. பாறையும் படியுமான கடினப் பாதைக்கு டியூபைப் பையில் வைக்கலாம், சக்கரத்தில் வேண்டாம்.

டியூப்லெஸ், சீலண்ட்

முள்ளுக்கு இதை விட நல்ல வழி இல்லை. உள்ளே சுழலும் லேட்டக்ஸ் துளை வழியே பீறிட்டு, காற்று பட்டதும் உறைந்து அடைத்துக்கொள்ளும். டயர் நிறைய முள் ஏறியிருந்தாலும் வண்டி ஓடும். முன்சக்கரம் 21 முதல் 23, பின்சக்கரம் 24 முதல் 26 பி.எஸ்.ஐ. போதும். பாறையில் கிடைக்கும் பிடிப்பு டியூபோடு ஒப்பிடவே முடியாது.

இது கைவிடுவதற்கு முதல் காரணம், சீலண்ட் காய்ந்துபோவது. சக்கரத்துக்கு 100 முதல் 120 மி.லி. ஊற்ற வேண்டும். ஈரமான ஊரில் மாதக்கணக்கில் தாங்கும் சீலண்ட், வறண்ட வெயிலில் இரண்டு மாதத்திலேயே ரப்பர் தோலாகிவிடலாம். சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கினால் திரவம் அலம்பும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் வால்வு கோரை (வால்வின் நடுத்தண்டை) கழற்றி 60 மி.லி. ஊற்றுங்கள். கோரிலும் லேட்டக்ஸ் அடைத்துக்கொள்ளும். உதிரியாக ஒரு கோர் பையில் இருக்கட்டும்.

இரண்டாவது, வெப்பம். காலை 20 டிகிரியில் 25 பி.எஸ்.ஐ. வைத்த டயர், 45 டிகிரிக்குச் சூடானால் 28-ஐத் தாண்டிவிடும். மதியத்தில் பிடிப்பு குறைந்ததாகத் தோன்றினால் முதலில் அழுத்தமானியை எடுங்கள்.

மூன்றாவது, துளையின் அளவு. 3 மி.மீ.க்கு மேல் போனால் சீலண்டை நம்ப வேண்டாம், பிளக் (துளைக்குள் ஊசியால் திணிக்கும் ரப்பர் பட்டை) தேவை. காற்று முழுதும் இறங்கும் முன்பே குத்துங்கள், அழுத்தம் இருந்தால்தான் ஊசி இறங்கும். மெல்லிய முள்ளைப் பாதையில் பிடுங்கவே வேண்டாம், அதுவே அடைப்பாக இருக்கும். பிடுங்கியே ஆக வேண்டுமானால், உடனே அந்த இடம் கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி அரை நிமிடம் பிடியுங்கள். காற்றடிக்கக் கைப்பம்பு நல்லது. கார்பன் டை ஆக்சைடு குப்பியின் குளிரில் பல சீலண்டுகள் கட்டிதட்டிவிடும். அதைத்தான் பயன்படுத்துவதென்றால் வால்வு மேலே இருக்கும்படி வைத்து அடியுங்கள்.

டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் இத்தனையும் உதவாது.

இன்சர்ட்

டியூப்லெஸ் டயருக்குள் ரிம்மைச் சுற்றி உட்காரும் நுரைவளையம் இது. வகையைப் பொறுத்து 80 முதல் 260 கிராம். பாறைப்படியில் இறங்கும்போது டயர் நசுங்கினாலும் ரிம் நேராக அடி வாங்காது. திருப்பத்தில் காற்று பீச்சுவதும் குறையும். அழுத்தத்தை இன்னும் 2 முதல் 3 பி.எஸ்.ஐ. இறக்கலாம். காற்று முழுதும் போனாலும் சில கிலோமீட்டர் மெதுவாக உருட்டி வர முடியும்.

ஆனால் முள்ளுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. நுரையிலும் சீலண்ட் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும், அதனால் 30 மி.லி. கூட்டி ஊற்ற வேண்டும். வால்வும் இன்சர்ட்டுக்கென்று பக்கத்துளை உள்ளதாக இருக்க வேண்டும். பாதையில் டயரைக் கழற்றுவது கடும் வேலை. டியூப் போட வேண்டுமென்றால் சீலண்ட் வழியும் இன்சர்ட்டை உருவி, தோளில் மாட்டிக்கொண்டு வர வேண்டும்.

இன்சர்ட்டுக்கு முன் டயரின் உறையை யோசியுங்கள். பக்கச்சுவர்க் காப்புள்ள ஒற்றை அடுக்கு டயர் 900 முதல் 1,000 கிராம், இரட்டை அடுக்கு 1,150 முதல் 1,300 கிராம். கூடுகிற எடை ஏறக்குறைய இன்சர்ட் அளவுதான். ஆனால் பக்கச்சுவர்க் கிழிசலை நேரடியாகத் தடுப்பது இரட்டை அடுக்குதான்.

எங்கே எது

முள் மிகுந்த, படிகள் குறைந்த பாதைக்கு இரண்டு சக்கரமும் டியூப்லெஸ், காப்புள்ள ஒற்றை அடுக்கு டயர். முள்ளும் பாறையும் கலந்த பாதைக்கு முன்னால் ஒற்றை அடுக்கு, பின்னால் இரட்டை அடுக்கு. பெரும்பாலானோருக்கு இதுதான் சரி. முன்சக்கரத்தைக் கண்ணால் பார்த்து ஓட்டுகிறோம், பின்சக்கரம் உடல் எடையைச் சுமந்துகொண்டு குறுக்கு வழியில் கல்லில் ஏறுகிறது. படிப்படியாக இறங்கும் பாறைப்பாதையில், ஹார்டெயில் (முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி) ஓட்டுபவர் பின்சக்கரத்தில் மட்டும் இன்சர்ட்டும் சேர்க்கலாம். இரண்டு பக்கமும் உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் என்றால் இரட்டை அடுக்கோடு நிறுத்திக்கொள்ளலாம். வேகப் போட்டியில் இறங்காதவருக்கு முன்னாலும் இன்சர்ட் வெறும் சுமை.

சுற்றுப்பாதையில் கிளைவழி இல்லையென்றால், மிகத் தொலைவான இடம் பாதி வழி. 16 கிலோமீட்டர் சுற்றில் அது 8 கிலோமீட்டர் நடை. அந்த நடைக்கான தண்ணீர் இல்லாமல், எந்த டயர் அமைப்பை நம்பியும் கிளம்பக் கூடாது.

எந்த அமைப்பானாலும் பையில் ஒரு டியூப், டயர் லீவர் இரண்டு, பிளக், கைப்பம்பு, சிறு இடுக்கி, கிழிசலுக்கு உள்ளே வைக்க ஒரு பழைய டயர்த் துண்டு. பழுது பார்க்க வெறும் பாறையையோ ஓடை மணலையோ தேடி உட்காருங்கள். பாதையோரத்துக் கருத்த மண்தோல் உயிருள்ளது, மிதித்தால் மீளப் பல ஆண்டுகளாகும். வெற்று மண்ணில் நெருஞ்சி காத்திருக்கும். டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போடும் முன் உள்பக்கம் முழுதும் துணியால் தடவுங்கள். துணி மாட்டும் இடமெல்லாம் முள்முனை. அத்தனையையும் இடுக்கியால் எடுத்த பிறகே டியூபை நுழைக்க வேண்டும். ஒன்று விட்டாலும் புது டியூப் அங்கேயே போய்விடும். பிறகு 30 பி.எஸ்.ஐ. அடித்து, படிகள் வரும் இடங்களில் வண்டியை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு வாருங்கள்.